குற்ற வழக்குகளின் காலவரம்பை நீக்கக் கேட்கிறீர்களா? மனுவில் எழுத வேண்டியவை

கொலையே ஆனாலும், குழந்தை மீதான பாலியல் கொடுமையே ஆனாலும், இத்தனை வருடம் தாண்டிவிட்டால் வழக்குப் போட முடியாது என்று சொல்கிற சட்டங்கள் பல நாடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்த வரம்பை எடுக்கச் சொல்லி மனு எழுதுபவர்களுக்கும் கையெழுத்து வாங்குபவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும்தான் இது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் போராடிக்கொண்டிருக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் "காலவரம்பை நீக்குங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது, பழைய குற்றங்களில் எவையெல்லாம் இதற்குள் வரும் என்பதையும் அதே மனுவில் எழுதியாக வேண்டும்.

சட்டத்தை நீங்களே படியுங்கள், யாரோ சொன்னதை நம்பிப் போராட்டத்தில் இறங்காதீர்கள். இந்தியாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்குத்தான் ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இலங்கையில் கொலைக்கும் ராஜத்துரோகத்துக்கும் வரம்பு இல்லை, மற்றவற்றுக்குப் பொதுவாக 20 ஆண்டுகள். எத்தனை வருடம் என்பதோடு நிற்காமல், கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் நிற்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள், ஏனென்றால் பல வழக்குகள் விழுவது அங்கேதான். இந்தியாவில் இந்தக் குழப்பம் 2013-ல்தான் தீர்ந்தது, புகார் கொடுத்த நாளைத்தான் பார்க்க வேண்டும், நீதிமன்றம் அதைக் கையில் எடுத்த நாளை அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தென்கொரியாவின் டேகு நகரில் 1999-ல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மீது அமிலம் வீசினார்கள், சில வாரங்களில் அவன் இறந்துபோனான். அவனுடைய பெற்றோர் வருடக்கணக்கில் போராடியதால் 2015 ஜூலையில் கொலைக்கான காலவரம்பை நாடாளுமன்றம் நீக்கியது, அந்தச் சட்டத்தை அவன் பெயரைச் சொல்லித்தான் இன்றும் அழைக்கிறார்கள். ஆனால் அவன் வழக்குக்கே அது பயன்படவில்லை. அதே மாதம், சட்டம் நிறைவேறுவதற்குச் சில நாட்கள் முன்னால், காலம் முடிந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் மெதுவாக மனு எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜப்பானைப் பாருங்கள். 2004-ல் கொலைக்கான வரம்பை 15 ஆண்டிலிருந்து 25 ஆக உயர்த்தினார்கள், ஆனால் அதற்கு முன் நடந்த கொலைகளுக்கு அது பொருந்தாது என்று வைத்துவிட்டார்கள். உறவை இழந்த குடும்பங்கள் 2009-ல் சங்கமாகச் சேர்ந்து விடாமல் கேட்டார்கள். 2010 ஏப்ரல் 27 அன்று வரம்பே நீங்கியது, அன்றைக்கே நடைமுறைக்கும் வந்தது, அதுவரை காலம் முடியாத பழைய கொலைகள் எல்லாம் உள்ளே வந்தன. நீங்கள் கேட்க வேண்டியது இப்படிப்பட்ட சட்டத்தைத்தான்.

மனுவில் இந்த வாசகம் கட்டாயம் இருக்கட்டும்: "இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் காலவரம்பு முடிந்திராத எல்லாக் குற்றங்களுக்கும், அவை எந்த ஆண்டு நடந்திருந்தாலும், இது பொருந்தும்." இதற்கு மேலே போய், ஏற்கெனவே காலம் முடிந்த வழக்குகளையும் உயிர்ப்பிக்கக் கேட்கலாமா? கேட்கத் தோன்றும், அந்த வலி நியாயமானதுதான். ஆனால் கலிபோர்னியா அப்படி ஒரு சட்டம் போட்டு, 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லாது என்றது. உங்கள் நாட்டு அரசியல் சாசனம் முன்தேதியிட்ட தண்டனைச் சட்டத்தைத் தடுக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், இல்லையென்றால் இந்த ஒரு வரியைக் காட்டியே மசோதாவைத் தள்ளிவிடுவார்கள்.

எந்தெந்தக் குற்றங்கள் என்பதைக் குறுக்கி, தெளிவாக எழுதுங்கள். "எல்லாக் கொடிய குற்றங்களும்" என்று எழுதினால் அதை விளக்குவதிலேயே வருடங்கள் போய்விடும். ஒரே தாவலில் கிடைக்காவிட்டால் படிப்படியாகக் கேளுங்கள். மேற்கு ஜெர்மனியில் நாஜிக் காலக் கொலைகள் தப்பிவிடாமல் இருக்க 1965-ல் கணக்குத் தொடங்கும் நாளைத் தள்ளிவைத்தார்கள், 1969-ல் 30 ஆண்டாக நீட்டினார்கள், 1979-ல்தான் கொலைக்கு வரம்பை முழுதாக எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த சண்டைக்கு அவகாசம் கிடைத்தது. குழந்தைகள் விஷயத்தில், பாதிக்கப்பட்டவர் ஒரு வயதை எட்டும்வரை கணக்கே தொடங்கக் கூடாது என்று கேட்பதும் நல்ல முதல் படி. இன்றைய ஜெர்மனியில் அந்த வயது 30. மக்களே நேரடியாக வாக்களிக்கும் வழி இருந்தால் அதையும் விடாதீர்கள், சுவிட்சர்லாந்தில் சிறு குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு வரம்பு நீங்கியது 2008-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில்தான்.

அப்புறம் தடயம். இதைப் பெரும்பாலான மனுக்கள் மறந்துவிடுகின்றன. தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986-க்கும் 1991-க்கும் இடையே பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். பத்திரமாக வைத்திருந்த பொருட்களில் எடுத்த டிஎன்ஏ மூலம் 2019-ல் ஆள் யாரென்று தெரிந்தது, ஆனால் காலவரம்பு 2006-லேயே முடிந்துவிட்டதால் அந்தக் கொலைகளுக்காக வழக்குப் போட முடியவில்லை. அதில் ஒரு கொலைக்காக வேறொருவர் சுமார் 20 வருடம் சிறையில் இருந்துவிட்டு, 2020-ல் மறுவிசாரணையில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். எனவே வரம்பு நீங்கும் குற்றங்களில் தடயப் பொருட்களையும் கோப்புகளையும் அழிக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். பல வருடம் கழித்துத் தொடுக்கும் வழக்கில் சாட்சிகளின் நினைவு மங்கியிருக்கும், நிரபராதி மாட்டிக்கொள்வார் என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அது உண்மையான பயம். அந்தத் தடயம்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும், நிரபராதியைக் காப்பாற்றவும் செய்யும் என்பதை இந்த வழக்கை வைத்தே அவர்களிடம் சொல்லுங்கள்.

உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் காலம் முடியப்போகிற வழக்குகளின் பட்டியலை, முடிகிற தேதியோடு எடுத்துப்போங்கள், குடும்பங்களின் சம்மதம் வாங்கிக்கொண்டு. அந்தக் குடும்பங்களில் யாராவது இன்னும் புகாரே கொடுக்காமல் சட்டம் மாறட்டும் என்று காத்திருந்தால், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, இந்த வாரமே எழுத்தில் புகார் கொடுத்து, தேதியிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.