கிப் ரிவர் சாலை: கோலாலம்பூரில் இருந்து கிளம்புபவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி சவானாவின் குறுக்கே டெர்பியில் இருந்து குனுனுரா பக்கம் போகும் சாலை இது. சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். பெர்த்துக்கு விமானம், அங்கிருந்து புரூம், பிறகு சாலை வழியே டெர்பி. டிக்கெட் போடுவது உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகுவதால் சாலையையே மூடிவிடுவார்கள்.

2. ஃபோர்வீல் டிரைவ் வண்டி, இரண்டு மாற்று டயர். வாடகை ஒப்பந்தத்தில் இந்தச் சாலையின் பெயர் அனுமதியோடு எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு காப்பீட்டுக்கு உதவாது. ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், பயமில்லை.

3. டயர் காற்று. எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். தார் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, காற்றைக் குறையுங்கள். நான் 40 பிஎஸ்ஐயில் இருந்து 28க்கு இறக்கினேன். பாரம் அதிகமென்றால் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். காற்று குறைந்தால் டயர் கூரான கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், எளிதில் கிழியாது. சாலையில் அலை அலையாக இருக்கும் மேடுபள்ளத்தின் உதறலும் குறையும். ஆனால் குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தார் வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும், அதற்கு பேட்டரியில் நேராக மாட்டும் கம்ப்ரசர்தான் என் தேர்வு. சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது வேண்டாம், ஃபியூஸ் போய்விடும்.

4. டீசலை வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் நிரப்புங்கள். டெர்பியில் இருந்து எரிபொருள் நிலையம் உள்ள மவுண்ட் பார்னெட் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் கருவியும் காகித வரைபடமும் கட்டாயம். இருட்டில் ஓட்டவே வேண்டாம், மாடும் கங்காருவும் குறுக்கே வரும்.

5. ஆற்றைக் கடக்குமுன் நடந்து ஆழம் பார்க்கச் சொல்வார்கள். பென்டகோஸ்ட் ஆற்றில் அது வேண்டவே வேண்டாம், உப்புநீர் முதலை உண்டு. எதிரே வருகிறவர் கடப்பதைப் பார்த்துவிட்டு, மெதுவாக, நிற்காமல் போங்கள்.

பிற்சேர்க்கை: சாம்பார் பொடி கொண்டுபோகலாமா என்று பலர் கேட்டீர்கள். விமான நிலையப் படிவத்தில் உணவுப் பொருள் என்று எழுதிக் காட்டிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். அப்புறம், டார்வின் பக்கமிருந்து வருகிறவர்கள் கவனிக்க: குனுனுராவுக்கு முன்னால் மாநில எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பழம், காய்கறி, தேன் எல்லாம் அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.