கருச்சிதைவுக்குப் பிறகு உடலும் மனமும் தேறுவதற்கு

கரு கலைந்த பெண் தன்னிடமே முதலில் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் "நான் என்ன தவறு செய்தேன்?" என்பதுதான். அதற்கு விடை சொல்லாமல் ஓய்வையும் உணவையும் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. அந்தத் தொடக்கக் காலச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் தற்செயலாக நேர்ந்துவிடும் பிழை. படியேறியதாலோ, வேலைக்குப் போனதாலோ, கணவனோடு கூடியதாலோ, அழுததாலோ கரு கலைவதில்லை. இதை ஒருமுறை கேட்டால் மனம் ஏற்காது என்பதால், மருத்துவரையே மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இதயத்துடிப்பு நின்றுவிட்டதாக ஸ்கேனில் உறுதியானபின், பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: தானாகவே வெளியேறும்வரை காத்திருப்பது, மாத்திரையால் வெளியேற்றுவது, சிறு அறுவைச் சிகிச்சையால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது. கடும் இரத்தப்போக்கோ நோய்த்தொற்றோ இல்லாதவரை அன்றே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். காத்திருக்கும் வழியில் சில வாரங்கள்கூட ஆகலாம். அதில் வரும் வலி மாதவிலக்கு வலியைவிடக் கடுமையாக இருக்கக்கூடும், இரத்தக் கட்டிகளும் வெளிவரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதைப் பெரிய குறையாகக் கருதுகிறேன், ஏனென்றால் தெரியாத வலி இரட்டிப்பாக அச்சுறுத்தும். ஆர்எச் நெகட்டிவ் இரத்தப்பிரிவு உள்ளவர்கள், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் இரத்த அணுக்களைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதைத் தாங்களே நினைவூட்டிக் கேட்க வேண்டும். தேவையெனில் அதை 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, துர்நாற்றத்துடன் கசிவு இருந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கடும் வலியோ தோள்பட்டை நுனியில் வலியோ இருந்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம் என்ற ஐயத்தோடு இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

உதிரப்போக்கு பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில் குறைந்துவிடும். அது நிற்கும்வரை நாப்கினையே பயன்படுத்துவதும், உடலுறவைத் தவிர்ப்பதும் தொற்றைத் தடுக்கும். மாதவிலக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்பும். ஆனால் அதற்கு முன்பே கருமுட்டை வெளியேறுவதால், உடனே கருத்தரிக்க விரும்பாதவர்களுக்குக் கருத்தடை தேவைப்படும். நான்காம் ஐந்தாம் மாதத்தில் இழந்தவர்களுக்கு மார்பில் பால் சுரக்கலாம். அந்த வேளையில் உடனிருப்பவர் ஒன்றும் சொல்லாமல் அருகில் அமர்ந்திருந்தாலே போதும்.

மனத்துக்கு இப்படிக் கால அளவு குறிக்க இயலாது. "இன்னும் சின்ன வயதுதானே, அடுத்தது தங்கும்" என்று பிறர் சொல்வது நல்லெண்ணத்தில்தான் என்றாலும், போன குழந்தைக்கு அது பதிலாகாது. கணவரும் இழந்தவர்தான் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் அழாமலிருப்பதைக் கவலையின்மை என்று மனைவி எடுத்துக்கொள்வதும் உண்டு. இருவரும் அதைப் பேசித் தெளிந்துகொள்ள வேண்டும். உறக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களைக் கடந்து நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மீண்டும் கருத்தரிக்க ஆறு மாதம் பொறுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் முன்பு பரிந்துரைத்தது. அதற்கு முன்பே கருத்தரித்தவர்களுக்குத் தீங்கு கூடுவதாகப் பின்வந்த ஆய்வுகளில் தெரியவில்லை. முயலும் காலத்திலிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை இழந்தவர்கள் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, இரத்தம் உறைதல் தொடர்பான ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஒருமுறை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே நிறைவேறுகிறது. ஆயினும் அதன் முதல் ஸ்கேனுக்குத் தனியாகப் போகாமல் யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.