பியானோ கச்சேரிக்கு ஒரு சொனாட்டாவை மனப்பாடம் செய்வது எப்படி

தனிக் கச்சேரியில் இசைத்தாள் இல்லாமல் வாசிப்பது ஆதி முதல் இருந்து வந்த வழக்கமன்று. 1830-களில் பியானோ கலைஞர்களான கிளாரா வீக், பிரான்ஸ் லிஸ்ட் ஆகியோர் அவ்வாறு வாசித்தபோது, அதைச் செருக்கு என்று குறைகூறியவர்களும் இருந்தனர். இன்று மேடைக் கலைஞராக விரும்பும் எவரும் அதைத் தவிர்ப்பது கடினம்.

நூறு முறை வாசித்தால் தானாகவே மனத்தில் பதிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அவ்வாறு பதிவது விரல்களின் பழக்கம் மட்டுமே. மேடைப் பதற்றத்தில் முதலில் கைவிடுவதும் அதுவே. ஆகவே, கட்டைகளைத் தொடுவதற்கு முன்பே இசைத்தாளைப் படித்து, எந்த இடத்தில் சுருதி மாறுகிறது, எந்தப் பகுதி திரும்ப வருகிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

சொனாட்டாவில், அதாவது பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பில், மிகவும் ஆபத்தான இடம், ஒரே மெட்டு இரண்டாம் முறை வேறு திசையில் திரும்பும் இடமாகும். மோட்சார்ட் 1788-இல் தொடக்க மாணவர்களுக்காக எழுதிய சி மேஜர் (சி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட சுருதி) சொனாட்டாவின் (அவரது படைப்புப் பட்டியலில் கே. 545) முதற்பகுதியில், தொடக்க மெட்டு முதலில் சி மேஜரில் வந்து ஜி மேஜருக்குச் செல்கிறது, மீண்டும் வரும்போதோ எஃப் மேஜரில் தொடங்கி சி மேஜருக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் கவனம் சிதறினால், விரல்கள் பழைய பாதையிலேயே சென்று, முடிக்க வேண்டிய பகுதியை மீண்டும் தொடங்கிவிடும். இத்தகைய இரு இடங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, வேறுபடும் முதல் ஸ்வரத்தை வாயால் சொல்லியபடியே மாறி மாறி வாசித்துப் பழகுங்கள்.

பிறகு இடக்கையை மட்டும் தனியே, தாளைப் பாராமல் வாசித்துப் பாருங்கள்; பெரும்பாலானோர் இங்கேதான் தடுமாறுவர். மிக மெதுவாக வாசிப்பதும் நல்ல சோதனையே, ஏனெனில் வேகத்தின் உந்துதல் இல்லாதபோது விரல் பழக்கம் உதவாது.

அடுத்து, இசையைப் பத்துப் பன்னிரண்டு நிலையங்களாகப் பிரித்து எண்ணிடுங்கள். நண்பர் ஒருவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து உடனே தொடங்க இயல வேண்டும். மேடையில் மறதி ஏற்பட்டால், பின்னோக்கிச் சென்று தேடாமல், தாளத்தை விடாது அடுத்த நிலையத்திற்குத் தாவிவிட வேண்டும்.

கச்சேரிக்கு முன் வேறு வேறு பியானோக்களில், சிலர் முன்னிலையில், முழுவதையும் வாசித்துவிடுங்கள். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் தமது பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுசென்றார். மற்றவர்கள் அரங்கில் இருக்கும் கருவியையே ஏற்க வேண்டியிருக்கும், அதன் கட்டைகளின் கனமும் மாறுபடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அச்சம் நீங்கவில்லையெனில் இசைத்தாளை வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை. பியானோ கலைஞர் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர் தமது பிற்காலத்தில் இருட்டிய அரங்கில், சிறு விளக்கொளியில் தாளைப் பார்த்தே வாசித்தார். நீங்களும் தாளை வைத்துக்கொண்டால், பக்கம் புரட்டுவதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.