மின்னஞ்சல் சேவைக்கு இயங்குதளம்: தேர்வில் நேரும் தவறுகள்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் சொந்தமாக மின்னஞ்சல் சேவை நடத்தலாமா என்ற பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, “லினக்ஸா, விண்டோஸா?” என்பதுதான். கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த விவாதத்தில் யாராவது ஒருவர் ஹாட்மெயில் கதையை எடுத்துவிடுவார். 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய அந்தச் சேவையை 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வாங்கியபோது அது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸில் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தில். “விண்டோஸ்காரர்களே நம்பாத விண்டோஸ்” என்று ஒரு தரப்பு சிரிக்கும். “2000-இல் விண்டோஸுக்கு மாற்றிவிட்டார்களே” என்று மறு தரப்பு பதில் சொல்லும். இரண்டு தரப்பும் கதையில் பாதியைத்தான் சொல்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி ஓடியது பக்கங்களைக் காட்டும் முன்வரிசை சர்வர்களில் மட்டுமே. அஞ்சல்களைச் சேமித்து வைத்த பின்வரிசையில் இருந்தது சோலாரிஸ். அன்றைக்கு அது சன் நிறுவனத்தின் தனியுரிமச் சரக்கு. 2000-இல் மாற்றப்பட்டதும் முன்வரிசைதான். சேமிப்பகம் அதன் பிறகும் சோலாரிஸிலேயே இருந்தது.

காரணம் எளிது. முன்வரிசை சர்வரில் சேமித்து வைத்தது எதுவும் இல்லை. ஒன்று படுத்துவிட்டால் கழற்றி எறியலாம். வேலையைப் பக்கத்து சர்வர் பார்த்துக்கொள்ளும். சேமிப்பகம் அப்படியல்ல. அங்கே கை வைத்தால் ஊராருடைய கடிதங்களில் கை வைக்கிறோம். ஆகவே சேவை முழுவதற்கும் ஒரே இயங்குதளம் என்று தீர்மானம் போடுவது தேவையில்லாத பிடிவாதம்.

சேமிப்பகம் என்றதும் எத்தனை டெராபைட் என்று கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை கோப்பு என்று பார்ப்பதில்லை. நெல்லை வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் நேரில் பார்த்தேன். வட்டில் பாதி இடம் காலி. ஆனால் உள்ளே வரும் ஒவ்வோர் அஞ்சலையும் “இடம் இல்லை” என்று சர்வர் திருப்பி அனுப்புகிறது. பொறுப்பிலிருந்த இளைஞர் காலையிலிருந்து பெரிய பெரிய இணைப்புகளாகத் தேடி அழித்துக்கொண்டிருந்தார். ஒரு பயனும் இல்லை. தீர்ந்துபோனது இடம் அல்ல, ஐநோடு; வட்டில் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய அடையாளப் பதிவு அது.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பு முறை, வட்டை ஃபார்மட் செய்யும்போதே எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பதை நிர்ணயித்துவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு. ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 6.7 கோடி. மெயில்டிர் என்ற அஞ்சல் சேமிப்பு முறையில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. துறைவாரியாகச் சுற்றறிக்கை, வருகைப் பதிவு அறிவிப்பு, தேர்வு நினைவூட்டல் என்று மாணவர் ஒவ்வொருவருக்கும் போகும் அஞ்சல்கள் பெரும்பாலும் சின்னவை. ஒவ்வொன்றும் வட்டில் 8 கிலோபைட் பிடித்தால், பாதி வட்டு நிறைவதற்குள் ஐநோடு முழுவதும் காலி. பத்து மெகாபைட் இணைப்பு ஒன்றை அழித்தாலும் திரும்பக் கிடைப்பது ஒரே ஓர் ஐநோடு. அழிக்க வேண்டியது பழைய சிறு அறிவிப்புகளைத்தான்.

வட்டை மறுபடி ஃபார்மட் செய்யாமல் இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையோ ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும். அஞ்சல் பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட் மென்பொருளில் பல அஞ்சல்களை ஒரே கோப்பில் அடுக்கும் முறையும் உண்டு. தொடங்கும் நாளிலேயே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சில் இந்த நோய் கிடையாது. அஞ்சல்கள் அனைத்தும் தரவுத்தளத்துக்குள் இருக்கும். அங்கே நோய் வேறு. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் தரவுத்தளம் ஒன்று பழுதானால், சரிசெய்து முடிக்கும்வரை அதில் உள்ள அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும்.

பணக் கணக்கில் இரு தரப்பும் தவறு செய்கிறது. எக்ஸ்சேஞ்ச் விலை கேட்பவர்கள் சர்வர் உரிமத்தைக் கேட்டுவிட்டு, பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அணுகல் உரிமம் வேண்டும் என்பதையும், அடியில் இருக்கும் விண்டோஸ் சர்வருக்கும் அதே கதைதான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். லினக்ஸ்காரர்கள் “இலவசம்” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். லினக்ஸின் அஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இலவசம்தான்; அதை அறிந்த ஆள் இலவசமில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ இயங்குகிறது; அது வலைவழி மின்னஞ்சலையே விற்கும் நிறுவனம். நன்றாக வேலை தெரிந்த இளைஞருக்கு இனி சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அவர் வேலையை விட்டுப் போன மறுநாள் சர்வரின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று தேடுகிற அலுவலகங்கள் இங்கே உண்டு.

“திறந்த மூலம் என்றால் பாதுகாப்பு” என்பதும் “பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும்” என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். 2019-இல் எக்ஸிம் என்ற திறந்த மூல அஞ்சல் மென்பொருளின் 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சின் முறை. 2022 புத்தாண்டு அன்று நடந்தது இன்னும் வேடிக்கை. எக்ஸ்சேஞ்சின் வைரஸ் சோதனைப் பகுதி, தேதியை வைத்து 2201010001 என்ற பதிப்பு எண்ணைக் கட்டியது. அதை வைக்க ஒதுக்கிய இடத்தில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. பல நாடுகளில் அஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த எண் கண்ணில் பட்டது. சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி அஞ்சலை ஓடவிட்டார்கள். எந்த இயங்குதளமானாலும் பதிவைப் படிக்க ஆள் இல்லாவிட்டால் நிலைமை ஒன்றுதான்.

ஆயுட்காலம் பார்க்காமல் தேர்வதும் இப்படித்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவியவர்களுக்கு, 2021 டிசம்பரோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. எக்ஸ்சேஞ்ச் 2019-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வித்தியாசம், பின்னதன் தேதி முன்கூட்டியே தெரியும்.

காப்புப் பிரதியைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தரைத்தளத்தில் சர்வரையும் அதே அலமாரியில் காப்பு வட்டையும் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இன்னொரு பிரதி இருந்தாலே காப்பு ஆகிவிடாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை சிலருடைய அஞ்சல்களைப் பல தரவு மையங்களிலிருந்த பிரதிகளோடு சேர்த்தே துடைத்துவிட்டது. மீட்டது, தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து.

அனுப்பும் அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குப் போவதற்கு இயங்குதளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் இணையப் பெயர்ப் பதிவான டிஎன்எஸ்ஸில் ஒழுங்காக வையுங்கள். தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயிலும், மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன.

எந்தப் பக்கம் சாய்வதானாலும், கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன் வெளியேறும் வழியைச் சோதித்துப் பாருங்கள். ஒரே ஓர் அஞ்சல் பெட்டியை ஐமேப் என்ற அஞ்சல் அணுகல் நெறிமுறை வழியாக வேறொரு சேவைக்கு முழுதாக நகர்த்தச் சொல்லுங்கள். கோப்புறைகள் அப்படியே வருகின்றனவா, தமிழில் பெயரிட்டவை சிதைகின்றனவா, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்குக் கல்லூரி முதல்வரின் பெட்டியையே கேளுங்கள். பெரும்பாலும் வளாகத்திலேயே பெரியது அதுதான்.