கராஜில் நிற்கிற பிள்ளையின் விஷயத்தை ஜெனீவா வரை கொண்டு போவது எப்படி

சிறுவர் வேலையை ஒழிக்க சர்வதேச ஒத்துழைப்பு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஹோட்டலில் ஒரு செயலமர்வு, ஒரு பைல், மத்தியானச் சாப்பாடு, கடைசியில் ஒரு குறூப் போட்டோ. அதை விடுங்கள். உங்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி வேறு. சர்வதேச தொழில் தாபனத்தின் இரண்டு சமவாயங்களை, அதாவது நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களை, இலங்கை ஏற்றிருக்கிறது: வேலைக்குச் சேரும் குறைந்த வயது பற்றிய 138ஆவது, 2000இல், சிறுவர் வேலையின் மிக மோசமான வடிவங்கள் பற்றிய 182ஆவது, 2001இல். ஏற்ற நாடு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பவேண்டும், அதை ஜெனீவாவில் அந்தத் தாபனத்தின் ஒரு நிபுணர் குழு வரிவரியாக வாசித்துக் கேள்வி கேட்கும். அந்த அறிக்கையில் யாழ்ப்பாணம் தெரியவேண்டும் என்றால் இங்கே ஏதாவது பதிவாகியிருக்க வேண்டும்.

முதலில், நீங்கள் பார்த்தது சிறுவர் வேலைதானா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனோடு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறுகிற பிள்ளையைப் பற்றி யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட நேரத்தில் கராஜிலோ பேக்கரியிலோ நிற்கிற 13 வயதுப் பிள்ளையின் கதை வேறு. 2021இலிருந்து இங்கே குறைந்த வயது 16, அதற்கு முதல் 14, கடைக்காரர் பலர் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறார்கள். ஆபத்தான வேலை என்றால் 18 முடிந்திருக்க வேண்டும். பிள்ளையின் கையில் கஞ்சாப் பொதியைக் கொடுத்து அனுப்புவது 182இன் கீழ் மிக மோசமான வடிவங்களில் ஒன்று. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் போருக்குச் சேர்ப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, அதை இந்த ஊருக்கு விளக்கவேண்டியதில்லை.

பிறகு 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலேயே பேசலாம். அதோடு நிற்காமல் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பாருங்கள், ஏனென்றால் வீட்டு நிலைமை தெரியாமல் பிள்ளையைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு கடையில் நிற்கும். தாய்க்கு நுண்கடன் இருக்கிறதா, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா, பள்ளிக்கூடத்தில் பெயர் வெட்டிவிட்டார்களா, இதெல்லாம் அவர்கள் கேட்கவேண்டியது, கேட்காவிட்டால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். தயவுசெய்து பிள்ளையைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள்.

முறைப்பாடு கொடுத்த திகதி, இடம், வேலையின் வகை, வயது, என்ன நடந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம். உங்கள் சனசமூக நிலையமே இதைச் செய்யலாம். மாவட்டக் கணக்குக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். ஒரு வருடத்தில் எத்தனை முறைப்பாடு, எத்தனை பரிசோதனை, எத்தனை வழக்கு என்று தொழில் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.

இனித்தான் பலருக்குத் தெரியாத இடம் வருகிறது. தனி ஆளோ ஊர்ச் சங்கமோ அந்த நிபுணர் குழுவுக்கு நேரே எழுதினால் எடுபடாது. அரசாங்கம், முதலாளிமார் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், இந்த மூன்று தரப்புக்குத்தான் அங்கே குரல். ஆகவே ஒரு தொழிற்சங்கத்தைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் ஆசிரியர் சங்கம்தான் நல்லது, எந்தப் பிள்ளை வகுப்புக்கு வராமல் போனது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் கொப்பியையும் திணைக்களத்தின் பதிலையும் கொடுத்து, 138, 182 இரண்டின் கீழும் அந்தக் குழுவுக்கு அவதானிப்பு, அதாவது எழுத்திலான கருத்து, அனுப்பச் சொல்லுங்கள். செப்டம்பர் 1க்கு முதல் போய்ச் சேரவேண்டும். குழு நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் கூடுகிறது, அறிக்கை அடுத்த வருடத் தொடக்கத்தில் வெளிவரும். அரசாங்கத்துக்குக் கேட்ட கேள்விகள் நோர்ம்லெக்ஸ் என்ற இணையத்தளத்தில் நாடு வாரியாக ஆங்கிலத்தில் கிடக்கும், யாரும் வாசிக்கலாம்.

ஐரோப்பா பக்கமும் ஒரு கதவு உண்டு. இலங்கைப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கிற, 2017இல் திரும்பக் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கு 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும், இந்த இரண்டும் அதற்குள் அடக்கம். ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு இலங்கைக்கு வரும்போது சிவில் அமைப்புகளையும் சந்திக்கிறது. ஆனால் சலுகையை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், தைக்கிற வேலையில் இருக்கிற எங்கள் பெண்களின் சம்பளத்தில்தான் அது விழும். வடக்கில் தொழில் பரிசோதகர்களைக் கூட்டு, தமிழில் பரிசோதனை நடத்து என்று கேளுங்கள்.

ஜெனீவாவின் கேள்வி வெளிவந்ததும் அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடுகிற மாவட்ட சிறுவர் அபிவிருத்திக் குழுவுக்குக் கடிதத்தோடு கொடுத்து, யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இதன் பதில் என்ன என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்க மறக்கவேண்டாம், அடுத்த செப்டம்பருக்கு அதுவும் தேவைப்படும்.