பழைய கைவினைக் கத்தியின் மதிப்பை அறிய முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் பழைய வீட்டுப் பெட்டகமொன்றில், கண்டி நாட்டுக் கம்மாளர் செய்த வெள்ளி வேலைப்பாட்டுக் கத்தியும் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர முத்திரை பதித்த மாலுமிக் கத்தியும் ஒரே துணியில் சுற்றிக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் கொண்டிருந்த ஊரில் இது வியப்பன்று. வருத்தம் தந்தது வேறொன்று: கண்டிக் கத்தியின் பித்தளைப் பகுதி புதுக் குத்துவிளக்கைப்போல் மின்னியது.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவந்ததாக வீட்டார் பெருமையோடு சொன்னார்கள். பக்தியில் குறையில்லை, ஆனால், காலத்தால் படிந்த கருமைப் படலமே ஒரு கத்தியின் வயதுக்கு முதற்சான்று. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது, சாம்பல் மெல்லிய செதுக்குக் கோடுகளை மழுங்கச் செய்கிறது, பிறகு எந்த நிபுணராலும் அவற்றை மீட்டுத் தர முடியாது. சந்தனமும் குங்குமமும் வைக்க விரும்புவோர் கத்தியின் மீது வைக்காமல், அதை ஏந்திய தட்டில் வைக்கலாம். துருவுக்கு அஞ்சித் தேங்காய் எண்ணெய் பூசுவதும் தவறே. நாளடைவில் அது பிசுபிசுத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். உப்புக்காற்று வீசும் நம் ஊரில், தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை மிக மெல்லியதாக அலகில் தடவி, தோலுறை ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால் கத்தியை உறைக்கு வெளியே தனியாக வைப்பதே நல்லது.

மதிப்பறியும் முன் சாணை பிடிக்கக் கொடுப்பவர்களும் உண்டு. அலகின் அசல் வடிவம் போய்விட்டால் மதிப்பில் பெரும்பகுதியும் போய்விடும். அதைவிடக் கொடியது, அடைவு கடையிலோ நகைக் கடையிலோ வெள்ளியின் எடைக்கு விலை கேட்பது. கைவினையின் மதிப்பை எந்தத் தராசும் காட்டாது.

பின்னணியைத் தேடும்போது, குடும்பக் கதையை அப்படியே சான்றாகக் கொள்வதே பெரிய தவறு. ‘கண்டி அரசன் கொடுத்தது’ என்ற சொல்லைக் கத்தியே மெய்ப்பிக்க வேண்டும். சிங்களத்தில் பிஹாகெத்த எனப்படும் கண்டிக் கத்திக்குக் கனத்த முதுகு உண்டு. அலகின் மேற்பகுதியில் வெள்ளியோ பித்தளையோ பதித்துக் கொடிவேலை செதுக்கியிருப்பார்கள். பிடி கொம்பாலோ தந்தத்தாலோ மரத்தாலோ அமையும். சிலவற்றின் உறையில் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் சேர்ந்திருக்கும். அதைத் தனியாகப் பிரித்து வைப்பது இணையைக் குலைப்பதாகும். பிற்காலத்தில் பயணிகளுக்கென விரைந்து செய்தவற்றில் தகடு மெல்லியதாகவும் செதுக்கு மேலோட்டமாகவும் இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன், இலண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகங்களின் படங்கள் இந்த ஒப்பீட்டுக்கு உதவும். ஐரோப்பியக் கத்தியானால் முத்திரையைப் படியுங்கள்: இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கோரியது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்று பொறித்த அலகு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

தந்தமா எலும்பா என்றறியச் சூடான ஊசியால் குத்துவது பொருளையே காயப்படுத்தும். யானைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். ஒரு பூதக்கண்ணாடியே போதும். தந்தமானால் வெளிநாட்டு விற்பனை பற்றி எண்ணவே வேண்டாம். ஆசிய யானைத் தந்த வணிகம் 1975 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கடுமையான தடைக்குள் உள்ளது. 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாகக் கருதப்படும் பொருளை இலங்கைக்கு வெளியே கொண்டுபோக, 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி உரிமம் தேவை; தொல்பொருள் திணைக்களத்தை அணுகாமல் கப்பல் ஏற்றுவது சட்டச் சிக்கலில் முடியும்.

விலையைப் பொறுத்தவரை, இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகையை மதிப்பாகக் கொள்ளாதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையை, அதுவும் உங்கள் கத்தியின் நிலையை ஒத்த ஒன்றுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். வாங்க விரும்பும் ஒருவரையே மதிப்பிடும்படி கேட்கவும் கூடாது. மதிப்பிடுபவருக்கு அனுப்பும் படங்கள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவையாக, அலகின் இரு பக்கமும் முதுகும் பிடியின் அடியும் உறையும் தெரிபவையாக, அளவுகோலையும் அருகில் கொண்டவையாக இருக்கட்டும். கத்தி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த ஆண்டில் வந்தது என்று மூத்தவர் சொல்வதை அவர் வாய்மொழியாகவே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து, அந்தத் தாளைப் படங்களோடு சேர்த்து அனுப்புங்கள்.