பழைய கியர்பாக்ஸ் வாங்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள்

மதுரையிலிருந்து விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் என் பழைய மாருதி 800, எண்பதைத் தொட்டதும் அலறத் தொடங்கிவிடும். நான்கு கியர் பெட்டி. கை தானாக அடுத்த கியரைத் தேடிப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கடந்த ஆண்டு அதைக் கழற்றிவிட்டு, பழைய ஐந்து கியர் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். மாட்டியது இரண்டு நாள் வேலை. சரியான பெட்டியைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரை ஜாக்கியில் ஏற்றுவது, கிளட்ச் கேபிளைக் கழற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

ஐந்து கியர் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். கியரின் விகிதத்தை டிஃபரன்ஷியலின் (சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு) விகிதத்தால் பெருக்கினால் வருவதுதான் மொத்த விகிதம். சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சில பெட்டிகளில் ஐந்தாவது கியரின் மொத்த விகிதமும் பழைய பெட்டியின் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதை வாங்கினால் செலவுதான் மிச்சம்.

145/70 ஆர்12 டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 833 முறை சுற்றுகிறது. மொத்த விகிதம் 4 என்றால் எஞ்சின் 3,330 சுற்று சுற்ற வேண்டும், 3.5 என்றால் 2,915 போதும். உங்கள் டயருக்கு இந்தக் கணக்கைப் போட்டு, எந்த விகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியை அளந்துகொண்டு போங்கள்

பழைய பெட்டியை இறக்கிய பிறகே கடைக்குப் போங்கள். இன்புட் ஷாஃப்டின், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டின் பற்களை எண்ணுங்கள், தடிமனையும் நீளத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளங்கள். பிளாஸ்டிக் டிஜிட்டல் வெர்னியர் எனக்குப் பிடிக்காது. கிரீஸ் கை பட்டதும் எண் குதிக்கும். இரும்பு வெர்னியரே போதும். பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பெல் ஹவுசிங்கின் (பெட்டி எஞ்சினோடு சேரும் மணி வடிவ வாய்) முகத்தில் லேசாகக் கிரீஸ் தடவி, பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி அதன்மேல் அழுத்தி எடுங்கள். போல்ட் துளைகளும் ஸ்டார்ட்டர் வாயும் அப்படியே அட்டையில் பதிந்துவிடும். கடையில் அந்த அட்டையை வாங்கப்போகும் பெட்டியின்மேல் வைத்தால் பொருந்துமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

எங்கே வாங்குவது

மதுரையின் காயலான் கடைகளில் கிடைக்கவில்லை என்றால் கோயம்புத்தூர் உக்கடம், சென்னை புதுப்பேட்டை. எங்கே போனாலும், மலைபோல் குவித்த பெட்டிகளிலிருந்து ஒன்றை எடுப்பதைவிட, உடைக்க வந்த காரில் இன்னும் மாட்டியிருக்கும் பெட்டியை வாங்குவதே என் விருப்பம். பின்பக்கம் அடிபட்ட கார் கிடைத்தால் விடாதீர்கள், முன்பக்கம் தப்பியிருக்கும். முன்பக்கம் அடிபட்ட காரின் பெட்டியில் அதைக் காரோடு பிணைக்கும் மவுண்டிங் காதுகளில் மயிரிழை விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெயில் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

வடிகால் போல்டைக் கழற்றி, ஆயிலை வெள்ளைத் துணியில் கொஞ்சம் விடுங்கள். போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பு. ஆயிலில் பொன் துகள்போல் மினுமினுத்தால் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. நகக்கண் அளவு இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் கலந்த காப்பி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் 2015, 2023 வெள்ளங்களில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "ஆயில் ஏற்கெனவே இறக்கிவிட்டோம்" என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு கடை பாருங்கள்.

என்னைத் தடுக்கிவிட்ட இடம்

விகிதத்தைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பெட்டியைக் கியரில் போட்டு, இன்புட் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, டிரைவ் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்கு இன்புட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். இவ்வளவுதான் என்று நினைத்துப் போனேன்.

முதல் பெட்டியில் கடைப் பையன் ஒரு பக்க டிரைவ் ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டான். மறுபக்கத்தை நான் சுற்றினேன். முதல் கியரில் ஏழரைச் சுற்றுதான் வந்தது. நான் எதிர்பார்த்தது பதினைந்துக்குப் பக்கம். மூன்று முறை எண்ணினேன், மாறவில்லை. இது ஏதோ வேறு காரின் பெட்டி என்று முடிவுகட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரவில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இன்னொரு பக்கம் சுற்றியதா, நின்றதா?" நின்றது என்றேன். "அப்படியானால் இரண்டால் பெருக்கு" என்றார்.

டிஃபரன்ஷியலின் குணம் அது. ஒரு பக்கம் நின்றால், கூடு அரைச் சுற்று சுற்றும்போதே மறுபக்கம் ஒரு முழுச் சுற்றை முடித்துவிடும். எனவே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினால், வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஓடினேன். பெட்டி விற்றுப்போயிருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் அலைந்தேன்.

ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் பிழை அதிகம். ஐந்தாவது கியரில் போட்டு, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இன்புட் பதினேழரை சுற்றினால், பத்துக்குப் பதினேழரை, இரண்டால் பெருக்கினால் 3.5. சுற்றுவது ஒருவர், எண்ணுவது இன்னொருவர் என்று இருங்கள். சில பெட்டிகளில் இரண்டு ஷாஃப்டையும் உருவிவிட்டால் உள்ளே பக்கவாட்டுப் பற்சக்கரம் நழுவி விழுந்துவிடும். ஆகவே ஷாஃப்டுகள் மாட்டிய நிலையிலேயே இதைச் செய்யுங்கள்.

சுற்றும்போதே கை உங்களுக்கு மற்றதையும் சொல்லிவிடும். எங்காவது மணல் அரைபடுவதுபோல் நெருடினால் பேரிங் போய்விட்டது. இன்புட் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், கடகடவென்று ஆடக் கூடாது. ஓடும் காராக இருந்தால் இரண்டாவது கியரைக் கவனியுங்கள். பொதுவாக முதலில் தேய்வது அதன் சிங்க்ரோதான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால், சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.

செட்டாக வாங்குங்கள்

பெட்டியோடு கியர் லிவர் இணைப்பு, இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள், மவுண்டிங், ஸ்பீடோமீட்டர் பற்சக்கரம், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். என் காரில் ஐந்தாவது கியர் பெட்டியின் இடது முனையில் தனி மூடிக்குள் இருக்கிறது. அதனால் பெட்டி நீளம் கூடி, பழைய இடது மவுண்டிங் பொருந்தவில்லை. செட்டாக வாங்கியதால் தப்பித்தேன். பில்லில் கார் எண்ணையும், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மாட்டும்போது ஒன்றே ஒன்று: பெல் ஹவுசிங்கில் இருக்க வேண்டிய இரண்டு டவல் பின்களும் (பெட்டியைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் சிறு முளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பெட்டிகளில் இவை தொலைந்துபோயிருக்கும். போல்ட் மட்டும் போட்டால் பெட்டி மயிரிழை விலகி உட்காரும். இன்புட் பேரிங் சீக்கிரமே பாடத் தொடங்கும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளி நின்றால் போல்டை முறுக்கி இழுக்காதீர்கள். எங்கோ இடிக்கிறது, கழற்றிப் பாருங்கள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். ஆயில், உங்கள் கையேடு சொல்லும் ஜிஎல்-4 தரக் கியர் ஆயில். கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்பார். பித்தளை சிங்க்ரோ உள்ள பழைய பெட்டிக்கு நான் அதை ஊற்ற மாட்டேன்.

பின்சேர்க்கை

தேனியிலிருந்து ஒரு வாசகர், அம்பாசடருக்கும் இதே முறைதானா என்று கேட்டிருந்தார். அதில் டிஃபரன்ஷியல் பின் ஆக்ஸிலில் தனியாக இருக்கிறது. பெட்டியின் பின் முனையை நேராகச் சுற்றி எண்ணினால் போதும், இரண்டால் பெருக்க வேண்டாம்; வருவது கியரின் விகிதம் மட்டும், மொத்த விகிதத்துக்கு டிஃபரன்ஷியலின் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஆனால் அவரிடம் இருப்பது பழைய 1489 சிசி எஞ்சின், பின்னாளைய அம்பாசடரில் வந்த இசுசு 1.8 எஞ்சினின் ஐந்து கியர் பெட்டி அதன்மேல் நேரடியாக உட்காராது. எஞ்சினையும் சேர்த்து மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணே மாறிவிடும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதில் கண்டிப்பானது; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறாமல் கை வைக்காதீர்கள்.

இன்னொருவருக்கு ஐந்தாவது கியர் மட்டும் துள்ளி வெளியே வந்துகொண்டிருந்தது. பெட்டியை மறுபடி இறக்கப் போனார். இறக்கும் முன் லிவரின் அடியில் உள்ள ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னேன். தரைத் துளையின் விளிம்பில் லிவர் இடித்து, கியர் முழுதாக விழாமல் இருந்தது. விளிம்பை அரத்தால் ராவியதும் சரியாகிவிட்டது.

என் பெட்டியில் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இறக்கி, அதே வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். காந்தத்தில் சாம்பல் பசை மட்டும் இருந்தது, மினுமினுப்பு இல்லை. புது ஆயில் ஊற்றி, அன்று மாலையே விருதுநகர் வரை போய்விட்டு வந்தேன்.